சல்லடை ஓரத்து மண்

செஞ்சி
26.11.86

அன்பு மகள் மங்கைக்கு,

அம்மா எழுதுவது. இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் அதற்குக் காரணம் தூக்கம், வேறொன்றும் இல்லை. சாயங்காலமே எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கரண்ட் போய்விட்டது, கரண்ட் வந்தபோது உன் நைனா சாப்பிட வந்துவிட்டார், சாப்பிட்டு முடித்தவர் கை கழுவிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார், அதைக் கேட்ட பிறகு இன்றைக்கே எழுதாமல் படுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. இங்கே நானும் நைனாவும் சுகம், செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதத்தைத்தான் நான் நம்பவில்லை.

வழக்கம்போல இன்லேண்டில் பாதிக்கு மேல் காலி. வேலை பழகிவிட்டது, மெஸ் சாப்பாடு நன்றாக இருக்கிறது, குளிர் அவ்வளவாகத் தெரியவில்லை, தீபாவளி முறுக்கு அருமை, அறையில் எல்லோரும் போட்டி போட்டுத் தின்றோம் என்று எழுதியிருக்கிறாய். முறுக்கு விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். முறுக்குப் பொட்டலத்தை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தானே சிராஜுதீன், நம்முடைய உரக்கடை ஜான் பாஷா மகன், அவன் லாரி நாக்பூரிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு வந்தான். மங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்குது அத்தை, கொஞ்சம் எளச்சிருக்குது, பேசறப்ப நடுவுல நடுவுல இருமுது, அத்தைகிட்ட சொல்லாதேன்னு சொல்லுச்சு” என்று, சொல்லாதே என்றதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. சென்ட்ரலில் உன் ரயில் கிளம்பும்போது நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, “தலைவலின்னு ஒரு வரி எழுதினாலும் அடுத்த ரயில்ல வந்து கூட்டிக்கினு வந்துடுவேன்” என்று சொன்னார் அல்லவா, அதைத்தான் நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஆஸ்பத்திரி லேப் பயிற்சி முடியும் முன்னால் ஊருக்கு வர உனக்கு மனசில்லை, அதனால் உன் கடிதத்தில் உனக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை. போகட்டும். முதலில் கழனிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆடியில் புதிதாக விவசாய ஆபீசர் ஒருவர் வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தேன், இராமச்சந்திரன் என்று பெயர், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளை. மொபெட்டில்தான் வருவார், பாதி நாள் மொபெட் அவரைத் தள்ளிக்கொண்டு வரும், பாதி நாள் அவர் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். அவர் கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, பக்கத்துக் கழனிக்காரர் ஒரு மூட்டை யூரியா போட்டால் நீங்கள் ஒன்றரை மூட்டை போடுகிறீர்கள், உங்கள் மண்ணில் என்ன இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு இல்லாததை மட்டும் போட்டால் போதாதா, ஆளுக்கு அரை கிலோ மண் கொடுங்கள், கடலூருக்கு அனுப்பிச் சோதித்து வாங்கித் தருகிறேன் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். நீ அங்கே விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்கிறாயே, அதையே இவர்கள் நிலத்துக்குச் செய்கிறார்கள். வேலூரில் நான் படித்து மூட்டை கட்டி வைத்த கெமிஸ்ட்ரி இத்தனை வருஷம் கழித்து மொபெட்டில் ஏறி வாசலுக்கு வந்ததுபோல் இருந்தது. மண்ணை எப்படி எடுப்பது என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரே இடத்தில் வெட்டி எடுக்கக் கூடாது, கழனி முழுக்கக் கோணல் மாணலாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவு சீவி எடுக்க வேண்டும், வரப்போரம், மர நிழல், கிணற்றடி, எருக்குழிப் பக்கம் இங்கெல்லாம் கை வைக்கவே கூடாது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அதிலிருந்து அரை கிலோ எடுக்க வேண்டும் என்று. நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். உன் நைனா அரை கிலோ என்பது வரைக்கும் கேட்டுவிட்டு டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் பார்த்துச் சித்திக்கு வளைகாப்பு, நான் பனமலை போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மண்ணுப் பை ஆபீசர் கைக்குப் போய்விட்டிருந்தது. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, “எல்லாம் அவங்க சொன்ன மாதிரிதான்” என்றார், மேலே கேட்க விடவில்லை. நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டுகிற சமயத்தில் சோதனை அட்டை வந்தது. தழைச்சத்து அதிகம், மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து அதிகம். அடியுரமே வேண்டாம், பிறகு யூரியா மட்டும் கொஞ்சமாகப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தது. உன் நைனா முகத்தைப் பார்க்க வேண்டுமே, நீ பிளஸ் டூ பாஸ் செய்த அன்றைக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை. அட்டையைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார். ஜான் பாஷா தன் கடையில், “இன்னா ரங்கநாதா, உன் கழனி பி.ஏ. பாஸ் பண்ணிடுச்சாமே, இனிமே நம்ப கடைப் பக்கம் எல்லாம் வருவியா” என்று கேட்டாராம். “வருவேன் பாய், டீ வாங்கிக் குடுத்தீன்னா வருவேன்” என்று இவர் சொன்னாராம். அடியுரம் ஒரு பிடி போடாமல் நட்டுவிட்டோம். அட்டையை நானும்தான் நான்கு தடவை படித்தேன். அச்சடித்த காகிதத்தில் மூன்று இடத்தில் அதிகம் என்று இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்.

இப்போது முறுக்கு. தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையிலேயே மாவு சலித்துப் பிசைந்து சுட ஆரம்பித்துவிட்டேன். படைக்கும் முன்னால் வாயில் வைக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை, உனக்கே தெரியும், எண்ணெயில் போட்டு எடுப்பதும் வாசனை பார்ப்பதும்தான். சிராஜுதீன் அன்றைக்குக் காலையிலேயே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான் என்றதும் முதல் ஈட்டில் வந்ததையெல்லாம் சூடு ஆற வைத்துப் பொட்டலம் கட்டி உனக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் படைத்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக் கடித்தோம். நறநற என்றது. மணல் என்று சொன்னாலும் போதாது, ஒவ்வொரு கடியிலும் ஒரு ரோட்டு வேலை நடந்தது. நான் துப்பிவிட்டேன். கழனி வேலைக்கு வருகிற அம்மாக்கண்ணு தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே கீழே வைத்துவிட்டாள். உன் நைனா மட்டும் ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதையும் எடுத்தார். “நல்லாத்தானே இருக்குது” என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் உப்பு ஒரு கல் கூடினால் ஊருக்குத் தெரியும்படி சொல்கிற மனுஷன், மண்ணைத் தின்றுவிட்டு நல்லாத்தானே இருக்குது என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்.

சல்லடையைப் போய் எடுத்துப் பார்த்தேன். பண்டிகைக்கு மட்டும் இறக்குகிற அந்தச் சன்னச் சல்லடைதான், மேலே துடைத்துவிட்டுத்தான் சலித்தேன், ஆனால் தகர வளையத்துக்கும் வலைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு முழுக்கக் கருப்பாக மண் அப்பியிருந்தது. மாவு சலிக்கிற சல்லடையில் மண் எப்படி வரும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அம்மாக்கண்ணு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. “நான் சொல்லமாட்டேன் அண்ணி, அண்ணன் அடிக்க வருவாரு” என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் பனமலை போன அன்றைக்கு இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாராம், போன வருஷம் வரைக்கும் எருக்குழி இருந்த இடம், அதைச் சுற்றி ஆட்டுக்கிடையும் போட்ட இடம், நம் கழனியிலேயே நண்டு கொழுத்துத் திரிகிற இடம் அதுதான். அங்கே ஒரே ஒரு பள்ளம் வெட்டி, வேர் பொறுக்கி, கல் பொறுக்கி, அதுவும் திருப்தி இல்லாமல் என் சல்லடையைக் கொண்டுவந்து சலித்து, சித்தி கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த புது மஞ்சள் பையில் கொட்டிக் கட்டினாராம். அம்மாக்கண்ணு, கழனியின் அந்தப் பக்கத்துப் பாறையடி மண்ணும் ஒரு கை போடுங்களேன் அண்ணா, அதுவும் நம்முடையதுதானே என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு இவர், “போடி இவளே, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கிழிஞ்ச பாயா விரிப்பாங்க, கெவர்மெண்ட்டுக்குப் போற மண்ணு, நாலு பேரு பாப்பாங்க” என்றாராம். பரிசோதனை என்றதும் அவர் பரீட்சை என்று நினைத்துக்கொண்டார், அதுதான் விஷயம். முதல் மார்க் வாங்குகிற பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டார். (நீ சாப்பிட்ட முறுக்கில் இருந்தது நன்றாக மக்கி வெயிலில் காய்ந்த பழைய எருதான், ஒன்றும் செய்யாது. ஆனாலும் உன் அறைத் தோழிகளிடம் இதைப் படித்துக் காட்டாதே.)

சிரிப்பெல்லாம் தீபாவளியோடு சரி. மழை விட்டதும் கழனிக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் மட்டும் பயிர் கரும்பச்சையாகப் பாய் விரித்தாற்போல் நிற்கிறது, அங்கிருந்து பாறையடி வரைக்கும் வெளுத்துப்போய், தூர் கட்டாமல், காமாலை கண்ட குழந்தை மாதிரி நிற்கிறது. வருஷச் சாப்பாடு மங்கை அது. சூல் கட்டும் முன்னால் மேலுரம் போட்டால்தான் உண்டு, அதற்கு மேல் எதைக் கொட்டினாலும் வைக்கோல்தான். நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன், மழைத் தண்ணீர் நின்ற வெளுப்பு, வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்றார். வெயில் அடித்தது, சரியாகவில்லை. எருக்குழி மண் என்று எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும், ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். எனக்கு ராத்திரியில் விழிப்பு வந்தால் ஒரு பக்கம் பாறையடிப் பயிரும் இன்னொரு பக்கம் உன் இருமலும் வந்து நிற்கும். கழனிக்காவது கண்ணால் பார்க்க ஒரு நிறம் இருக்கிறது, உன் இன்லேண்டில் நிறம்கூட இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

போன புதன்கிழமை இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவலூர்பேட்டையில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறினார். யாரை என்று நான் கேட்கவில்லை. மடித்த கோணி ஒன்று கக்கத்தில் இருந்தது, அதையும் கேட்கவில்லை. செஞ்சியில் யூரியா வாங்கினால் ஜான் பாஷா கடையில் வாங்க வேண்டும், வேறு கடையில் வாங்கினாலும் ஜான் பாஷாவுக்குச் சேதி போய்விடும், அதனால் தெரிந்த முகம் இல்லாத ஊரில் வாங்கி, கோணியில் மாற்றிக் கட்டி, தவிடு என்று சொல்லிக் கொண்டுவந்துவிடலாம் என்று திட்டம். அவலூர்பேட்டையில் உரக்கடைக்குள் நுழைகிறார், கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு சாட்சாத் ஜான் பாஷா உட்கார்ந்திருக்கிறார். அது அவர் மச்சானுடைய கடையாம். “வா ரங்கநாதா, இந்த ஊருக்கும் அட்டையக் காட்ட வந்தியா” என்று கேட்டாராம். உன் நைனா கோணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் பாய் என்றாராம். “சும்மா வர்றவன் கோணி எடுத்துக்கினா வருவான், உக்காரு” என்று டீ சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. டீ வந்ததும் இவர் மெதுவாகக் கிணற்றடி மண் கதையை ஆரம்பித்திருக்கிறார், பாதி சொல்லும்போதே ஜான் பாஷா விழுந்து விழுந்து சிரித்தாராம், புரை ஏறி மச்சான் முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டதாம். “டேய், சீயமங்கலத்துல என் கொல்லை இருக்குதே, அதுக்கு நான் இன்னா மண்ணு குடுத்தேன் தெரியுமா, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி வெண்டைக்கா போட்டிருக்கோமே அந்த மண்ணு” என்றாராம். ஊருக்கெல்லாம் உரம் விற்கிறவர், தன் நிலத்து மண் மட்டம் என்று அட்டை வந்தால் யார் மதிப்பார்கள் என்று பயந்திருக்கிறார். அன்றைக்கு அவர் இவருக்கு யூரியா விற்கவில்லை. பயிர் வெளுத்திருந்தால் எவ்வளவு போட வேண்டும் என்று ஆபீசரைக் கேட்டு அளவோடு போடு, உரம் விற்கிறவன் நானே சொல்கிறேன், எடுத்தோம் கொட்டினோம் என்று போடாதே, அப்புறம் பூச்சிதான் வரும் என்று சொல்லி, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். கோணி காலியாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் மறுபடியும் கூட்டம். நானும் போயிருந்தேன். ஆபீசர் பிள்ளை எழுந்து நின்று எல்லோருடைய அட்டையின் நகலையும் அடுக்கி வைத்துக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் பேசினார். இங்கிருந்து போன மண் எல்லாவற்றுக்கும் சத்து அதிகம் என்றே வந்திருக்கிறது, செஞ்சியைச் சுற்றி இருப்பது பாறையா, இல்லை வண்டல் மண்ணா என்று மேலே கேட்கிறார்கள், நான் என்ன பதில் எழுதுவது என்று கேட்டார். எல்லோரும் ஜன்னல் வழியாகக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அது என்னவோ இன்றைக்குத்தான் அங்கே வந்து நின்றதுபோல. கொஞ்ச நேரம் கழித்து உன் நைனா எழுந்தார். “சார், அது எங்க கழனி மண்ணு இல்ல சார், கிணத்தடி மண்ணு. எருக்குழி இருந்த எடம். மிச்ச கழனி பாறையடி, வெளுத்துப்போய் நிக்குது, அத நான் உங்களுக்குக் காட்டவே இல்ல” என்றார். நிறுத்தாமல் சொல்லி முடித்தார். பிறகு ஜான் பாஷா எழுந்து வெண்டைக்காய் மண் என்றார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள், பூவரசு நிழல், கோயில் நந்தவனம், ஏரி வண்டல் என்று. கடைசியில் பின்னாலிருந்து பச்சைமுத்து எழுந்து, “நான் அடுத்தவன் கழனியில எடுத்தேன் சார், அவனுது நல்லா இருக்கும்” என்றான். அந்த அடுத்தவர் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து போடு என்று சண்டைக்குப் போய்விட்டார். ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், பாவம், வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாளே கழனிக்கு வந்து பார்த்தார். நிற்கிற பயிரில் இப்போது மண் எடுக்க முடியாது, அறுவடைக்குப் பிறகு எடுக்கலாம், இப்போதைக்குத் தண்ணீரை வடித்துவிட்டு யூரியாவோடு கொஞ்சம் பொட்டாஷ் கலந்து பாறையடிப் பக்கம் மட்டும் இத்தனை போடுங்கள், கிணற்றடிக்கு ஒரு பிடிகூட வேண்டாம் என்று சொன்னார். அப்படியே போட்டோம். இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன், என் கண்ணுக்கு நடுக்குருத்து பச்சை திரும்பினதுபோல்தான் தெரிகிறது, அம்மாக்கண்ணு இன்னும் நாலு நாள் போகட்டும் அண்ணி என்கிறாள். பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் விளைச்சல் குறையும், குறையட்டும்.

மார்கழியில் மல்லாட்டைக்கு விதைக்கடலை போடுகிற கொல்லைக்கு ஞாயிற்றுக்கிழமை புதிதாக மண் எடுத்தோம், இந்தத் தடவை நானும் கூடப் போனேன், சல்லடையை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போனேன். கோணல் மாணலாக நடந்து வெட்டிக்கொண்டே போனோம். மேற்கு மூலையில் உப்புப் பூத்துக் கிடக்குமே, ஆடுகூட மேயாத இடம், அங்கே வந்ததும் இவர் நின்றுவிட்டார். அம்மாக்கண்ணு மண்வெட்டியை வாங்கக் கை நீட்டினாள். “நீ இரு” என்று சொல்லி இவரே வெட்டினார். எல்லா மண்ணையும் என் பழைய புடவையில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கோடு போட்டு எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும், மறுபடி கலந்து மறுபடி தள்ள வேண்டும், அரை கிலோ மிஞ்சும் வரைக்கும். தள்ளிய பங்கில் நல்ல மண் போகிறதே என்று அப்போதும் இவருக்கு மனசு கேட்கவில்லை, ஒரு கை அள்ளி உள்ளே போடப் பார்த்தார், நான் கையில் ஒன்று போட்டேன். நிழலில் உலர்த்திப் பையில் கட்டிக் கொடுத்தாயிற்று. என்ன வருமோ தெரியாது, நல்லதாக வராது என்பது மட்டும் தெரியும், ஆனால் அது எங்கள் மண்.

இனி இன்றைக்கு ராத்திரி நடந்தது. சாப்பிடும்போது உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். முறுக்கு அருமை, போட்டி போட்டுத் தின்றோம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். “ஏன் ரஞ்சிதம், அதுவும் மண்ணு முறுக்குதானே” என்று கேட்டார். ஆமாம், அதே ஈடுதான் என்றேன். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டே, “எம் பொண்ணு எனக்குக் கிணத்தடி மண்ணு அனுப்பிக்கினு இருக்குது” என்றார். பிறகு, “அதுக்கு எழுது. இருமல் இருந்தா இருமல்னு எழுதச் சொல்லு. நான் போய்க் கூட்டிக்கினு வரமாட்டேன். அன்னிக்கு ரயில்ல சொன்னத வாபஸ் வாங்கிட்டேன்னு எழுது. இன்னா இல்லன்னு தெரிஞ்சாதானே இன்னா அனுப்பறதுன்னு தெரியும்” என்றார். சிராஜுதீன் சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை, அவன் அவரிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. இத்தனை நாள் அதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் அவலூர்பேட்டைக்கும் போய் வந்திருக்கிறார். இப்போது தூங்குகிறார், வாபஸ் வாங்கியது உண்மைதான், காலையில் மாறினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே மங்கை, எல்லா மூலையிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து எழுது. இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, சளி உண்டா, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டினாயா, ஊரார் இரத்தத்தை எல்லாம் பார்க்கிறவள் உன் இரத்தத்தை ஒரு தடவை பார்த்தாயா. மெஸ்ஸில் உன்னால் சாப்பிட முடிகிறதா இல்லையா. ராத்திரி டியூட்டி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, திரும்பி வரும்போது துணைக்கு யார். அங்கே யாராவது உன்னைக் கடிந்து பேசுகிறார்களா, பாஷை புரியாமல் நீ தனியாக உட்கார்ந்து அழுகிறாயா, அழுதால் அதையும் எழுது, நானும் வேலூர் விடுதியில் முதல் வருஷம் முழுக்க அழுதவள்தான், படிப்பை முடித்துவிட்டுத்தான் வந்தேன். நல்லதையும் எழுது, அதை விட்டுவிடாதே, எல்லாம் கலந்துதான் வர வேண்டும். நீ உண்மையைச் சொன்னால் நாங்கள் பயப்படமாட்டோம் என்று சொல்லமாட்டேன், நான் பயப்படத்தான் செய்வேன், உன்னைப் பெற்றபோது எனக்கே இருபத்தொரு வயசு, அன்றைக்கு ஆரம்பித்த பயம் இது. ஆனால் இப்படி ஒன்றும் தெரியாமல் பயப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சிராஜுதீன் அடுத்த வாரம் மறுபடி லோடு ஏற்றுகிறான். மிளகுத்தூளும் மஞ்சள்தூளும் பனங்கற்கண்டும் அனுப்புகிறேன், ராத்திரி பாலில் போட்டுக் குடி. என்னுடைய நீலக் கம்பளிச் சட்டையையும் அனுப்புகிறேன், குளிர் தெரியவில்லை என்று எழுதியவளுக்கு அது பெரிதாகத்தான் இருக்கும், போட்டுக்கொள். முறுக்கும் புதிதாகச் சுட்டு அனுப்புகிறேன், இந்தத் தடவை படைத்து, நான் கடித்துப் பார்த்த பிறகு. நீ தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நினைத்த படிப்பை முடித்து நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானும் நைனாவும் உன்னை மனசார வாழ்த்துகிறோம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படு. இதனுடன் நம் விலாசம் எழுதிய இன்லேண்ட் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், பாதியைக் காலியாக விட்டுவிடாமல் எழுதி, இது கிடைத்த உடனே பதில் போடு.

உன் அன்பு அம்மா,
ர. ரஞ்சிதம்